ஞாயிறு ராவு

எங்கள் மகள் ஆஸியாவின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பு உட்கார்ந்த சஹனுக்கு வட்டலப்பம் வந்து சேரவில்லை. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டில் சோறு இருந்தது, கறி இருந்தது, இனிப்பு மட்டும் இல்லை. பரிமாறியவன் மறந்துவிட்டான், பழி என் தலையில் விழுந்தது. "இனி அவங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன். அவங்களும் என் வாசப்படிய மிதிக்கத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் ஊரான கலேவெலைக்குப் போனவர்தான்.

இப்போது ஆஸியாவுக்கு ஏழு மாதம், தலைப்பிள்ளை. தாய் வீட்டில்தான் பெற வேண்டும். ஆனால் யார் வீட்டுக்கு யார் போய்க் கேட்பது? மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்யும் என் கணவர் நுஹ்மான்தான் வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் தேவஹுவ குளக்கரைக்குப் போவது, மணலில் பாய் விரித்துச் சாப்பிடுவது, பேச்சுவாக்கில் கேட்பது. குளக்கரைக்கு வாசப்படி கிடையாதே! ஸைனம்பும் சரியென்று சொல்லியனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மழை பிடித்தால்? கோழி போதாவிட்டால்? வட்டலப்பம் இறுகாவிட்டால்?

"குளத்தையே நீதான் வெட்டப் போற மாதிரி அலையிறியே" என்று என் கணவர் கேலி செய்தார். அவருக்கென்ன, இடுப்புவலி அவருக்கா வரப்போகிறது? எனக்கு எரிச்சலாக இருந்தது.

கவலையில்லாத விஷயம் கார் மட்டும்தான். சந்தியில் பழைய ஒஸ்டின் காரை வாடகைக்கு ஓட்டும் நோபர்ட் சொன்ன சொல் தவறாதவர். நானே அவரிடம் சொன்னேன்: "ஞாயிறு ராவு வந்து நம்ம கடையில படுத்துக்கங்க. விடியக்காலை சுபஹோட கெளம்பணும்."

"கட்டாயம் வாறேங்கம்மா" என்றார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. நோபர்ட்டைக் காணோம். விடியட்டும், வருவார் என்றார் என் கணவர். விடிந்தும் வரவில்லை. அவரே ஓடிப்போய்ப் பார்த்தால், நோபர்ட் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தேவாலயப் பூசைக்குப் புறப்பட்டு நின்றாராம்.

"முதலாளி, அம்மா ஞாயிறு ராவுன்னுதானே சொன்னாங்க? இன்னைக்கி ராத்திரி வரத்தான் இருந்தேன். பயணம் நாளைக்கின்னு நெனச்சி, பகலைக்கி காரை ஒரு கல்யாணத்துக்குக் குடுத்துட்டேனே!"

எங்களுக்கு மஃரிபோடு மறுநாள் பிறந்துவிடும். ஞாயிறு ராவு என்றால் சனிக்கிழமை இரவு. இது எங்கள் தெருவில் கைப்பிள்ளைக்கும் தெரியும். வேதக்காரரான நோபர்ட்டுக்கு எப்படித் தெரியும்?

சோற்றுச் சட்டியோடு பஸ் ஏறினோம். வட்டலப்பத்தை மடியில் வைத்து, தம்புள்ளையில் பஸ் மாறி, குலுக்கலுக்கெல்லாம் துஆ ஓதிக்கொண்டு போனேன். போய்ச் சேரும்போது நடுப்பகல் லுஹரும் தாண்டிவிட்டது.

ஸைனம்பு வீட்டார் மருத மரத்தடியில் பாயில் இருந்தார்கள். ஆஸியாவின் கண் சிவந்திருந்தது.

"வர மனசில்லைன்னு நெனச்சேன்" என்றார் ஸைனம்பு.

என் கணவர் நோபர்ட்டின் கதையைச் சொன்னார். ஸைனம்பு சிரிக்கவில்லை. நான் வட்டலப்பத்தைத் திறந்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிதைந்து போயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸைனம்பு விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, புள்ளய என்னோட அனுப்புங்க."

ஸைனம்பு மரத்துக்குப் பின்னால் மோவாயைக் காட்டினார். அங்கே ஆஸியாவின் தகரப் பெட்டி இருந்தது.

"காலையிலயே கட்டி எடுத்துக்கிட்டுத்தான் வந்தோம். ஆனா கார் எங்க? வாயும் வயிறுமா இருக்குற புள்ளய பஸ்ஸுல ஏத்த விட மாட்டேன்."

கைக்கு எட்டியது என் ஒரு வார்த்தையால் போகிறதே! இன்றைக்கு இளகிய மனசு நாளைக்கும் இளகியிருக்குமா?

"நோபர்ட் ராத்திரி எங்க கடைக்கு வருவான். நான் போய், காலையில காரோட வாறேன்" என்றார் என் கணவர்.

"எங்க வருவீங்க?" என்றார் ஸைனம்பு.

நாளைக்குக் குளக்கரையில் யார் இருப்பார்கள்? கார் அவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஸைனம்பு வட்டலப்பச் சட்டியை மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

"மதினி, நீங்க திங்கள் ராவு எங்க வீட்டுல தங்குங்க" என்றார். "வாசப்படி கொஞ்சம் ஒசரம். பாத்து ஏறணும்."