ஞாயிற்றுக்கிழமை வெப்பநிலை

கல்லூரி ஆய்வகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாளின் மொட்டைமாடியில் ஒரு வானிலைக் கருவி இருந்தது. பன்னிரண்டு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்து அதுவும் தள்ளாடியது. காற்றை அளக்கும் மூன்று கிண்ணங்களில் ஒன்று உடைந்துபோக, மீதி இரண்டும் நொண்டியடித்துச் சுற்றின. மழைமானிக்குள் எறும்பு குடியேறியிருந்தது. கூடத்தில் அளவுகளைக் காட்டும் அதன் திரையில் எண்களின் கோடுகள் அழிந்து, எட்டு மூன்றாகத் தெரிந்தது.

வெளியூரில் இருக்கும் ஒரே மகன் ஞாயிறுதோறும் போன் செய்வான். பேச ஒன்றும் தோன்றாவிட்டால், "அங்க எவ்வளவும்மா வெயில்?" என்பான். அவள் திரையைப் பார்த்துச் சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வலி, மருமகளின் இருமல் என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

ஒரு நாள் முப்பத்தெட்டை முப்பத்துமூன்று என்றாள். இந்தக் கோடையிலா என்று மகன் சிரித்தான்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுடா," என்றாள்.

அடுத்த மாதமே வந்துவிட்டான். பழையதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டான். புதியதை மாடியில் மாட்டி, சிம் போட்ட ஒரு வெள்ளைப் பெட்டியைக் கூடத்தில் செருகினான்.

"திரை எங்கடா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? போன்லயே வந்துடும்."

அவளுடையது பட்டன் போன். அதனால் எல்லாம் அவன் போனில்தான் வந்தது.

அவன் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறு, "இன்னிக்கு இங்க..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"பாத்தேம்மா, முப்பத்தாறு. வெளிய போகாத. வெச்சிடறேன்."

மூன்றாவது ஞாயிறு போனே வரவில்லை. அவளே கூப்பிட்டபோது, "அங்க மழைன்னு காட்டுச்சு, நல்லாத்தானே இருக்க? அப்புறம் பேசறேன்," என்றான்.

செவ்வாய்க்கிழமை அவள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். என்ன ஆச்சு என்றாவது கேட்பான் அல்லவா? இரண்டு நாள் போனை மடியிலேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கீழ்வீட்டுத் தையல்காரர் கதவைத் தட்டினார்.

"உங்க பையன் போன் பண்ணாருங்க. பெட்டி ஓடலையாம், என்னன்னு பாக்கச் சொன்னாரு."

அவள் வழிவிட்டாள். அவர் பிளக்கைச் செருகிவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

"வந்துடுச்சா சார்? முப்பத்தொம்பதா? ஆமா சார், கடையில உக்கார முடியல, அப்படி ஒரு வெக்கை. உங்க ஊர்ல எப்படி?"

ஐந்து நிமிஷம் பேசினார்கள். அவள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட குடுக்கச் சொன்னானா?"

தையல்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "லைன் கட்டாயிடுச்சுங்க."

"பரவால்ல. நீங்க போய் வேலையப் பாருங்க," என்றாள்.

அந்த ஞாயிறு அவள் மகனைக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை.