செவனம்மாவின் போஞ்சிப் பந்தல்

வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிய வருஷம் அது. இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீடுகளில், அடுத்த காம்பரா அறையில் இருந்த ஓரகத்தி செவனம்மாவின் போஞ்சிப் பந்தலைப் பார்க்கும்போதெல்லாம் பேச்சாயிக்கு வயிறு எரிந்தது. அவரை போலப் போஞ்சி கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. செவனம்மா போட்ட உரமோ, தேயிலைக்கு நிழல் தந்த முள்முருங்கையின் மக்கவைத்த தழை ஒரே ஒரு கூடைதான்.

"அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு நாலு" என்று பேச்சாயி, கொழுந்தெடுத்த களைப்போடு தன் போஞ்சிக் கொடிக்குத் தழை சுமந்தாள். தழையை ஊறவைத்த தண்ணியையும் விடாமல் ஊற்றினாள். கொடி கூரையேறியது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூவைத்தான் காணோம். உரம் மிஞ்சிக் கொடியெல்லாம் இலையாகவே போய்விட்டது என்று அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பிடுங்கி எறியக் கை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் செவனம்மா வந்து நின்றாள். பேச்சாயியின் பந்தலைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்துப்போனது. காய் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கப் பொறாமை அவளை விடவில்லை.

"என்னக்கா, இம்புட்டுப் பச்சையா இருக்கு. எங்கொடி வெளிறிப்போய்க் கெடக்கு. என்னத்தப் போட்டீங்க?"

பேச்சாயி கொடியிலிருந்து கையை எடுத்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"நாலு கூடை தழ போடு, தங்கச்சி. நானே சுமந்து வந்து தர்றேன்."