ஒற்றைப் பிஸ்டன் லொறி

என் சின்ன லொறியின் எஞ்சின் செத்துப் போனது. இன்னொன்று வாங்கக் கொழும்பில் சொன்ன விலையைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தக் காசுக்கு வேறு லொறியே வாங்கலாம். லொறி இல்லாவிட்டால், நான் யாழ்ப்பாணத்து உடுவிலில் விளைவிக்கும் வெங்காயத்தில் பாதி, பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோகிற வாடகைக்கே போய்விடும். தில்லைநாதன் பழைய இரும்பு வாங்குபவர். புதன்கிழமை வந்து லொறியை எடுக்கிறேன் என்றார். அதற்குள் அது ஓடாவிட்டால், இரும்பு விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மெக்கானிக் றஹீம் நானாவிடம் போனேன்.

“நானா, உழுகிற ரெண்டு சில்லு லான்ட்மாஸ்டரின்ரை எஞ்சினை இதிலை பூட்டினால் என்ன?”

அவர் கண் மின்னியது. “தங்கச்சி, ஒரேயொரு பிஸ்டன்! சென்சர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. உதிலை பழுதாகிறதுக்கு என்ன கிடக்கு? விலையும் பத்திலை ஒரு பங்கு வராது!”

“வேகம்?”

“வெங்காயத்துக்கு என்ன அவசரம்?”

புதன் காலை தில்லைநாதன் வந்தபோதுதான் வேலை முடிந்தது. நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்தினேன். நானா கைபிடியைச் சுற்ற, எஞ்சின் டுக்கு டுக்கென்று பிடித்துக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது. முதல் கியரைப் போட்டேன்.

லொறி பின்னால் போனது. இரண்டாவதைப் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போய்க் கிடுகு வேலியை உடைத்தது. றிவேர்ஸ் போட்டதும் முன்னால் வந்து தேசிக்காய்களை நசித்தது.

தில்லைநாதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பிள்ளை, சந்தைக்குப் பின்பக்கமாவோ போகப்போறாய்? தா, நான் கொண்டுபோறன்.”

நானாவின் முகம் கறுத்துவிட்டது. “எஞ்சின் மற்றப் பக்கம் சுத்துது, தங்கச்சி. நான் அதை யோசிக்கேல்லை.”

“அப்பிடியெண்டால் எஞ்சினையே மற்றப் பக்கம் திருப்பி வையுங்கோவன்!”

ஆத்திரத்தில் கத்தியதுதான். நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரேயடியாக ஸ்பனருக்குப் பாய்ந்தோம்.

பழைய எஞ்சினை இறக்கச் சங்கிலியும் நாலு ஆட்களும் தேவைப்பட்டன. இதற்கு நாலு நட்டுத்தான். மரக்கட்டையைக் கொடுத்து நெம்பித் திருப்பினோம், புதுத் துளை போட்டோம், பெல்ட்டை மாட்டினோம். தில்லைநாதன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார்.

முதல் கியர். லொறி முன்னால் போனது! முற்றத்தை ஒருதரம் சுற்றினேன், ஆசை தீராமல் இன்னொருதரம் சுற்றினேன். நானா சின்னப் பிள்ளைபோலப் பின்னால் ஓடிவந்தார்.

“அப்ப, விக்கேல்லையோ?” என்றார் தில்லைநாதன்.

“இல்லை, ஐயா.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். “சந்தை முடியமுந்தித் திருநெல்வேலிக்குப் போகோணும். மூட்டையிலை ஒரு கை பிடியுங்கோ.”

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதல் மூட்டையைத் தானே தூக்கி லொறியில் வைத்தார்.