ஆர்கன் மேல் கை வைத்தவன்

சாந்தோம் ஆம்ப்ரோஸ் வாத்தியார் நம்பியது இரண்டைத்தான்: ஆண்டவரை, அப்புறம் தன் காதை. பெற்ற பிள்ளை வால்டரை நம்பியதே கிடையாது. கப்பலில் ஆர்கன் வாசிக்கப் போகிறேன் என்று அறுபத்தெட்டில் கிளம்பிய பயல், மெக்சிகோவில் இறங்கி ஸ்பானிஷில் பாடும் ராக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாக எழுதினான். முதல் கடிதத்தில் கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். அடுத்ததில் ரேடியோ. அதற்கடுத்ததில் நியூயார்க்கில் சக்கைப்போடு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்பார் வாத்தியார்.

எழுபத்து மூன்றில் வந்த கடிதம் வேறு மாதிரி. அங்கே ஒரு பெண்ணைக் கட்டப் போகிறான். இவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று சொந்த ஊர்ப் பங்குச் சாமியார் எழுதித் தந்தால்தான் அந்த ஊர்க் கோயிலில் தாலி ஏறும். அதற்குத் தகப்பன் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே குழுவின் ரெக்கார்டு ஒன்றும் வந்திருந்தது.

ரெக்கார்டின் உறையில் ஐந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். வால்டர் இல்லை. ஆர்கன் மேல் கை வைத்திருந்தவன் வெள்ளை வெளேரென்று எவனோ ஒருத்தன்.

"பாத்தியா நோரா? உம் புள்ள அங்க பாத்திரம் கழுவிக்கினு இருக்கான். இத நம்பி ஒருத்தன் பொண்ணு குடுக்கறான். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"கேக்காமலே தீர்ப்பு சொல்றீங்களே," என்று மனைவி நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு தடவ போட்டுக் கேளுங்க."

வீட்டில் ரெக்கார்டு ப்ளேயருக்கு எங்கே போவது? ஞாயிறு பூசை முடிந்ததும், தன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் ஸ்ரீனிவாசராகவனைத் தேடி மயிலாப்பூருக்குப் போனார்கள்.

"வாங்கோ சார், உட்காருங்கோ," என்று அவர் ஊசியை வைத்தார்.

ஒரே கூச்சல். முதல் பாட்டு முடிவதற்குள் வாத்தியார் எழுந்து செருப்பைத் தேடினார். இரண்டாவது பாட்டில் ஆர்கன் தனியாக எழும்பியது. இறங்கி வரும்போதெல்லாம் ஒரு ஸ்வரத்தைத் தொடவே இல்லை. பக்கத்து ஸ்வரத்தை இரண்டு தரம் தட்டிவிட்டு அதைத் தாண்டிப் போனது.

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் வீட்டு ஆர்மோனியத்தில் எலி கடித்து ஊமையான கட்டை ஒன்று உண்டு. பழுது பார்க்கிறேன், பார்க்கிறேன் என்று பதினைந்து வருஷம் ஓட்டினார். "அத விட்டுட்டு, பக்கத்துக் கட்டய ரெண்டு தரம் தட்டித் தாண்டுடா" என்று பிள்ளையைப் பழக்கியவரும் அவர்தான். முழு ஆர்கன் கையில் கிடைத்த பிறகும் பயல் அந்தக் கட்டைக்குப் போகவில்லை.

"மறுபடி வைங்க சார்."

மூன்று தரம் வைக்கச் சொன்னார். மூன்றாம் தரம் அழுதுவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறையில் ஆர்கன் மேல் கை வைத்து நின்றவனை வெகுநேரம் முறைத்தார். வாசித்தது பிள்ளை, படத்துக்கு நின்றது இவன்; இத்தனை வருஷமும் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

மறுநாளே சாமியார் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"பையனுக்கு என்னங்க எழுதட்டும்?" என்றாள் நோரா.

"கல்யாண போட்டோ அனுப்பச் சொல்லு," என்றார் வாத்தியார். "அதுலயாவது அவனே நிக்கட்டும்."