வாசலுக்கு வெளியே

இயந்திரத்தருகே சுருண்டு விழுந்த அப்பாவின் கால்களைப் பிடித்துத் தூக்கும்படி, அதே ஆலையில் வேலை பார்த்த யாதிராவிடம்தான் சொன்னார்கள். தோள்பக்கம் இரண்டு பேர். தகடு வெட்டும் இயந்திரங்களின் வரிசையைக் கடந்து, ஆலையின் கேட்டைத் தாண்டி, எதிரே டாக்கோ ரொட்டி விற்பவனின் தகரக் கூரை நிழலில் அப்பா ஹசிந்தோவைக் கிடத்தினார்கள். அதன் பிறகுதான் சூப்பர்வைசர் பல்தசார் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். வண்டி உள்ளே வந்து திரும்ப இடமில்லை என்று அவன் சொன்னதை அவள் நம்பினாள். தூக்கியபோது அப்பாவின் குதிகால் அவள் உள்ளங்கையில் ஒருமுறை உதறியது. வெளியே வந்தபோது அதுவும் இல்லை.

சாலையில் மரணம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான், எதற்காக அவரைக் கேட்டுக்கு வெளியே தூக்கிவரச் சொன்னார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

ஹசிந்தோ அந்த ஆலையில் பத்தொன்பது வருடம் இருந்தவர். நான்கு வருடங்களுக்கு முன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஆலையின் ஆட்கள் இல்லை. மொந்தெர்ரே நகரில் எங்கோ இருக்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியின் ஆட்கள். அதே இயந்திரம், அதே ஷிப்டு, சம்பளம் மட்டும் முக்கால்வாசி. உள்ளே ஒரு சங்கம் உண்டு. சந்தா பிடிப்பார்கள், தலைவரை யாரும் பார்த்ததில்லை. ஆலைத் தொழிலாளி கிரிசெல்டா புதுச் சங்கம் தொடங்கியபோது முதல் பத்துக் கையெழுத்தில் ஹசிந்தோவுடையதும் ஒன்று. மகளையும் போடச் சொன்னார். அவள் போடவில்லை. அதற்காக அவர் அவளைத் திட்டவும் இல்லை.

வீட்டின் முன்னறையில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். மாலையில் பல்தசார் மலர்வளையத்தோடு வந்தான். யாதிராவைத் தனியே அழைத்து வருத்தம் சொன்னான். அவளுடைய மூன்று மாத ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்பதையும் அதே குரலில் சொன்னான்.

"யாரு கேட்டாலும் சீட்டுல என்ன எழுதியிருக்கோ அதைச் சொல்லு. போதும்."

போகும்போது தட்டிலிருந்து இனிப்பு ரொட்டி ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே போனான்.

அவன் போன சற்று நேரத்தில் கிரிசெல்டா வந்தாள். பெட்டியருகே போய் நின்றாள். யாதிராவின் அம்மா தோமாசா கணவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, உன்னோட தூக்குனவனுங்க ரெண்டு பேரும் வாயே திறக்கல," என்றாள் கிரிசெல்டா. "நீ சொல்லு. உள்ளதானே விழுந்தாரு? வேலையில செத்தாருன்னு ஆச்சுன்னா உங்கம்மாவுக்கு ஆயுசுக்கும் பென்ஷன்."

யாதிராவுக்கு, முன்பு ஆலைக்குள் செத்துப்போன ஒரு வெல்டரின் மனைவி நினைவுக்கு வந்தாள். மூன்று வருடமாகக் கோர்ட்டுக்கு அலைகிறாள். அதற்குள் காண்டிராக்ட் கம்பெனி இரண்டு தடவை பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.

"ரோட்டுலதான்க்கா. சாப்பிடப் போறேன்னு போனாரு."

கிரிசெல்டா அவளையே பார்த்தாள்.

"உன் இடத்துல இருந்திருந்தா உங்கப்பா இப்படி ஒரு பொய் சொல்லியிருக்க மாட்டாரு," என்றாள். குரலை உயர்த்தவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தோமாசாவின் சீப்பு இடது காதருகே நின்றது. இரண்டு விரலால் காதுக்குள்ளிருந்து எதையோ உருவினாள். மஞ்சள் நிறப் பஞ்சு அடைப்பான். இயந்திரச் சத்தத்துக்காக உள்ளே எல்லோரும் செருகிக்கொள்வது; கேட்டை நோக்கி நடக்கும்போதே முதல் வேலையாகப் பிடுங்கிவிடுவார்கள். அதை மாட்டிக்கொண்டு யாரும் சாப்பிடப் போவதில்லை. தோமாசாவும் கல்யாணத்துக்கு முன் அங்கே வேலை பார்த்தவள்தான்.

அதை விரல்களுக்கிடையில் உருட்டினாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கிரிசெல்டாவின் முதுகைப் பார்த்தாள்.

பிறகு பஞ்சை மெல்லிய திரிபோல நசுக்கி, மறுபடியும் காதுக்குள் செருகினாள். அது உள்ளே உப்பி நிறையும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். சீப்பைத் தண்ணீரில் நனைத்து, நரைமுடியை இழுத்துக் காதின்மேல் படிய வாரினாள்.