தைலம் பூசிய ஊர்

மனச்சிதைவு வந்த வருடம் விச்சியனுக்குத் தெருவையே தூக்கும் துரியான் பழத்தின் வாசம்கூடத் தெரியாமல் போய்விட்டது. பதிலுக்கு அடுத்தவர் மனதின் வாசம் வரத் தொடங்கியது. பழத்தைப் பிளந்து மூக்கருகே நீட்டினாலும் அவனுக்கு அது பச்சைத்தண்ணீர்தான். ஆனால் யாராவது கோபப்பட்டால் மிளகாய் கருகியது, பொய் சொன்னால் தேங்காய்ப்பால் புளித்தது, பயந்தால் நனைந்த கோழி இறகு நாறியது, பாசம் வந்தால் சோறு வெந்தது. முகங்கள் மட்டும் கழுவிக் கவிழ்த்த தட்டுகளாகவே தெரிந்தன. மேகாங் கரையில் எங்கள் ஊரில் அது பெரிய குறையில்லை. நாங்கள் கோபத்திலும் சிரிப்போம், மாமியாரைப் பார்த்தும் சிரிப்போம். முகத்தைப் படித்து இங்கே யார் பிழைத்தார்கள்?

வம்பு கோயில் விருந்தில் வந்தது. ஊர்த்தலைவர் பிரசெர்ட் பாலம் கட்டித் தருவதாகப் புன்னகையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, தேங்காய்ப்பால் புளிச்சுக் கெடக்கு, சட்டியக் கழுவுங்க" என்றான் விச்சியன். பிக்குகள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மறுநாளே, அவன் மனதை மோந்துவிடக் கூடாதென்று, ஊர் முழுக்கப் பச்சைத் தைலம் பூசிக்கொண்டது. காதலர்கள் இரண்டு மடங்கு பூசினார்கள். கொசுக்கள் ஊரைக் காலி செய்தன, எருமைகள் கண்ணீர் விட்டன, அந்த ஆண்டு மழையே தைல மணத்தோடு பெய்தது. விச்சியனுக்குத் தைலமும் மணக்கவில்லை, மனங்களும் மணக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊசி அடக்கி வைத்திருந்த குரல்கள் தலைதூக்கி, "புவா உன்ன விட்டுட்டுப் போகப்போறா" என்றன. மனைவி புவாவும் தைலம் பூசியிருந்தாள். மெய்யா பொய்யா என்று மோந்து பார்க்க வழியில்லை. அவள் சந்தைக்குப் பை எடுத்தாலே வாசலில் நின்று அழுதான், சோற்றைத் தொடவில்லை. எங்களுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் ஒருவரும் தைலத்தைத் துடைக்கவில்லை. வெட்கங்கெட்ட ஊர்.

கடைசியில் புவா ஆற்றில் இறங்கிச் சோப்புத் தேய்த்துக் குளித்தாள். ஈரத்தோடு வந்து அவனிடம் கன்னத்தைக் காட்டினாள். கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை இழுப்பதுதான் எங்களிடம் முத்தம்.

"நல்லா மோந்து பாரு. எதையும் மறைக்கல."

இழுத்தான். "கோழி இறகு. எம்மேல பயமா?"

"பின்ன? ஊசிக்கு முன்னால குரலோட சண்ட போட்டுப் பானைய ஒடைச்சியே, பயம் வராதா? அதத்தான் தைலம் போட்டு மறைச்சேன்."

மறுபடி, நீளமாக இழுத்தான். "அடியில சோறு வேகுதே, புவா."

"வேகாம? ரெண்டு நாளா பட்டினி கெடக்குறியே, மடையா. வா, சாப்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

குரல்கள் இன்னும் வருகின்றன. அவன் புவாவின் கன்னத்தைக் கேட்டு வாங்கி மோந்துவிட்டு வேலையைப் பார்க்கிறான். தலைவர் மட்டும் இன்றும் தைலத்தோடு திரிகிறார்; பாலமும் வரவில்லை. மற்றவர்கள் முக்கியமான பேச்சு என்றால் முதலில் குளித்துவிட்டு வருகிறோம்.