சோதித்தவர்: மரகதம்

என் நாத்தனார் சங்கவியை யாராவது புகழ்ந்தால் எனக்கு வயிறு எரியும். மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் தீவின் பத்துபஸ்திப் பகுதியில் இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. தீவுப் படகுகளின் நேரம் காட்டும் செயலி ஒன்றைச் சிலர் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். தமிழ்ப் பகுதி முழுவதையும் எழுதியவள் நான். ஆனால் எல்லாவற்றையும் பேக்கேஜாகக் கட்டி, பதிப்பு எண் போட்டு வெளியிடும் உரிமையை, கடலுக்கு அப்பால் மெயின்லேண்டில் இருக்கும் பொறுப்பாளர்கள் அவளுக்குக் கொடுத்தார்கள். எனக்கு? சோதித்துப் பார்க்கும் வேலை!

"என் தங்கச்சி மூளையே தனி" என்பார் என் கணவர் சிவபிரகாஷ், தட்டில் கை வைக்கும்போதெல்லாம். பரிமாறுகிறவளுக்கும் மூளை உண்டென்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வெளியீட்டுக்கு முந்தின நாள் சங்கவி பேக்கேஜை என் போனுக்கு அனுப்பினாள்.

"பாத்துச் சொல்லுங்க மதினி. நீங்க சரின்னு சொன்னாத்தான் விடுவேன்."

பாராடாங் படகுத்துறையில் நெட் எடுக்காது. அதனால் நெட்டை அணைத்துவிட்டுச் சோதிப்பதுதான் எங்கள் வழக்கம். அணைத்தேன். செயலி வெள்ளையாக நின்றது. நெட் இல்லாதபோது காட்டவேண்டிய நேர அட்டவணைக் கோப்பை பேக்கேஜில் சேர்க்க மறந்திருக்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் அந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மூளைக்காரி, படட்டும்!

"டீக் ஹை, எல்லாம் சரி. பக்கா" என்றேன்.

வெளியான மூன்றாம் நாள் முத்துராஜ் என்று ஒருவர் செயலியின் பக்கத்தில் புகார் எழுதியிருந்தார். 'பாராடாங்ல ஆப் வெறும் வெள்ளையா நிக்குது. நேரம் தெரியாம கடைசிப் படகை விட்டுட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அம்மாவைத் திரும்ப வீட்டுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன்.' அதன் கீழே ஒருவர், 'இதை யார் சோதித்தது?' என்று கேட்டிருந்தார்.

வெளியீட்டுக் குறிப்பை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தேன். 'சோதித்து ஒப்புதல் தந்தவர்: மரகதம்.' சங்கவியின் பெயருக்கும் மேலே என் பெயர். கீழே இன்னொரு வரி: 'அடுத்த வெளியீட்டை மரகதமே செய்யட்டும் என்று பரிந்துரைக்கிறேன். சங்கவி.'

நான் ஏங்கிய உரிமை அது.

சங்கவி மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கவலப்படாதீங்க மதினி. தப்பு என்னோடதுதான், நெட்டை அணைச்சுப் பாக்க உங்ககிட்ட ஞாபகப்படுத்தலன்னு எழுதிடுதேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்லவள் பட்டமும் இவளுக்கேவா? நான் செய்ததையும் இவளே எடுத்துக்கொள்வாளா? மடிக்கணினியைப் பிடுங்கி என் பெயரில் நுழைந்து தட்டினேன்: 'நெட்டை அணைத்துப் பார்த்தேன். வெள்ளையாக நின்றது. தெரிந்தேதான் சொல்லவில்லை. முத்துராஜின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மரகதம்.'

"நெசமாவா மதினி?"

"ஆமா."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விட்டுப்போன கோப்பைச் சேர்த்துப் புது பேக்கேஜ் கட்டினாள். நெட்டை அணைத்து அவளே சோதித்தாள். பிறகு குறிப்பைத் திறந்து, என்னைப் பரிந்துரைத்த வரியை என் கண் முன்னாலேயே அழித்தாள். அழிக்கும்போது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.